பிற்பாட்டு வேண்டாம் என்றேன்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தின் நடுவில் பஸ் நின்றபோது என் மடியில் ஒரு கோழி இருந்தது. யாருடைய கோழி என்று சரியாகத் தெரியாது. ஏறும்போது ஓர் அம்மாள், "இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று என்னிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு பின்னால் போய்விட்டார். இரண்டு பக்கமும் கடல். கடல் என்றால் புதுக்கோட்டைக்காரியான நான் மனதில் வைத்திருந்த கடல் இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீர், அதில் நாலைந்து பேர் சாவகாசமாக நடந்து இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்தார். பத்து நிமிஷம் என்றார் கண்டக்டர். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. எங்கள் ஊராக இருந்தால் அதற்குள் டிரைவரின் பரம்பரையே வெயிலுக்கு வந்திருக்கும். இங்கே யாரும் ஒரு சொல் திட்டவில்லை. பக்கத்து ஸீட்டுக்காரர் தன் பையிலிருந்து காய்ந்த குச்சி ஒன்றை எடுத்து எனக்குப் பாதி முறித்துக் கொடுத்தார். புழுக்கொடியலாம். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. பல்லுக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு ருசித்தது. பஸ் கிளம்பும்போது மீதிப் பாதியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெட்கம் பார்த்தால் வயிறு நிறையாது.

எண்பத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாதம். நான் நாடக மேடையில் ஸ்திரீபார்ட், அதாவது நாயகி வேஷம், கட்டுகிறவள். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது, மேடை ஏறி இருபத்திரண்டு வருஷம். எங்கள் பக்கத்தில் பங்குனி, சித்திரை என்றால் ஊருக்கு ஊர் திருவிழா, திருவிழாவுக்குத் திருவிழா நாடகம். அந்த மாதத்தில் ஒரு நடிகை பத்து நாள் கடல் கடந்து போக முடிகிறது என்றால், அவளை உள்ளூரில் யாரும் கூப்பிடவில்லை என்று பொருள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "சிலோன் புரோகிராம்" என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து கிளம்பினேன்.

எங்கள் மேடை வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஹார்மோனியம் வேறொரு ஊர். பொழுது சாய பஸ் பிடித்து வந்து சேர்வோம். ஒருவர் முகத்தை ஒருவர் மேக்கப் கொட்டகையில்தான் பார்ப்போம். அங்கே ஒரே கேள்வி, "எத்தனை கட்டை?" அதாவது எந்தச் சுருதி. அவ்வளவுதான் ஒத்திகை. ஜோடிப் பாட்டுக்கு இரண்டு பேரும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும், அது எப்போதும் ராஜபார்ட்டின் சுருதிதான். அவர் ஐந்து கட்டை என்றால் நாமும் ஐந்து கட்டை. எட்டினால் எட்டு, எட்டாவிட்டால் வீட்டில் இரு.

எனக்கு எட்டிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த டைபாய்டு காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டு போனது. ஐந்து கட்டையில் மேல் ஸட்ஜமத்தைத் தொட்டால் குரல் இரண்டாகப் பிளக்கும். இரண்டு ஊர்களில் பிளந்தது. மூன்றாவது ஊர்க்காரர்கள் கூப்பிடவில்லை. இந்த நிலைமையில்தான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் இருக்கும் புளியங்கூடலிலிருந்து சிவராசா என்பவரின் கடிதம் வந்தது. தங்கள் கோயில் திருவிழாவில் இசை நாடகம் போடுகிறோம், இளவரசி வேஷத்துக்கு இந்தியாவிலிருந்து ஒரு பெண் கலைஞரை அழைக்க விரும்புகிறோம், எங்கள் சுருதி ஐந்து கட்டை, தங்களுக்குச் சரிதானே என்று கேட்டிருந்தார். சரி என்று பதில் போட்டேன். பச்சைப் பொய். வீட்டில் படிக்கிற பெண் பிள்ளைகள் இரண்டு பேர். இந்த மேடையிலும் குரல் உடைந்தால் செய்தி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் எனக்குத் தோழி வேஷம்தான், அதுவும் கிடைத்தால்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோழிக்காரி வந்து கோழியை வாங்கிக்கொண்டு, பிடித்திருந்ததற்காக இரண்டு முட்டையைக் கையில் திணித்துவிட்டுப் போனார். சிவராசா காத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க், தடித்த கண்ணாடி, மெல்லிய பேச்சு. இவரா ராஜபார்ட் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் நெடுநெடுவென்று கறுத்த ஒருவர் நின்றார். என் தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கூலியாள் என்று எண்ணி சிவராசா வீட்டு வாசலில் காசு நீட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"அவர் சூசைமுத்து அண்ணை. சுருவில் பக்கம், கடல் தொழில்," என்றார் சிவராசா. "பதினெட்டு வருஷமா எங்கட இளவரசி அவர்தான்."

அந்த ஊரில் பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுவது வழக்கமாம். இந்த வருஷம்தான் முதல் தடவையாக நிஜப் பெண்ணை வைத்துப் பார்ப்போம் என்று நாடகச் சபையில் முடிவு செய்தார்களாம். ஆக, நான் வந்து பறித்த வேஷத்துக்காரர்தான் என் பெட்டியைத் தூக்கி வந்திருக்கிறார். எங்கள் தொழிலில் இப்படி வேஷம் இழந்தவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். பவுடர் டப்பாவில் மிளகாய்த்தூள் கலந்த கதை எல்லாம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கே பெட்டிக்கு இரட்டைப் பூட்டுப் போட்டேன்.

மறுநாள் காலை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். தேங்காய்ப் பாலில் மஞ்சள் போட்ட அந்தச் சொதியை ரசம் மாதிரி ஊற்றிக் குடித்ததைப் பார்த்து சிவராசாவின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அங்கே "ஆமாம்" என்று யாரும் சொல்வதில்லை, எல்லாவற்றுக்கும் "ஓம்". முதல் நாள் முழுக்க, இவர்கள் ஏன் பேச்சுக்குப் பேச்சு மந்திரம் சொல்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சமையலறை குசினி, நாற்காலி கதிரை. மரியாதையாகக் கதிரையில் உட்காரவைத்துத் தேநீரும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுத்தார்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே தேநீரைக் குடிக்க வேண்டும். நான் அதைக் கோப்பைக்குள் போட்டுக் கலக்கப் பார்த்தேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

பத்து மணிக்கு ஒத்திகை என்றார்கள். நாடகம் அந்த ஊர் வாத்தியார் ஒருவர் எழுதியது. மாறுவேஷத்தில் தப்பி வரும் இளவரசியை, துறையில் தோணிக்காரன் மறிக்கிறான். அவனும் மாறுவேஷத்தில் இருக்கிற அரசகுமாரன். நீ யார் என்று சொன்னால்தான் தோணி ஏற்றுவேன் என்று அவன் பாட, ஏற்றினால்தான் சொல்வேன் என்று அவள் பாட, பன்னிரண்டு அடி தர்க்கப் பாட்டு. பாட்டுப் பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள், நான் மனப்பாடம் செய்திருந்தேன். இவர்களோ நான்கு மாதமாக வாரம் மூன்று நாள் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். யார் எந்த அடியில் எந்தக் காலை எடுத்து வைப்பது என்பதுகூட முடிவாகியிருந்தது.

சிவராசா வாயைத் திறந்தார். அந்தத் தடித்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஐந்து கட்டையில் அப்படி ஒரு குரல் வந்தது, நான் என் முறையை மறந்து கேட்டுக்கொண்டு நின்றேன். என் முறை வந்ததும் உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தேன். ஒத்திகையில் வாய்விட்டுப் பாடக் கூடாது, எங்கள் பக்கத்தில் அது சம்பிரதாயம் என்றேன். எங்கள் பக்கத்தில் ஒத்திகையே கிடையாது என்பதுதான் உண்மை. பெரிய கலைஞர்களின் வழக்கம் போலும் என்று அவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

இன்னொரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. மேடையின் ஓரத்தில், பக்கத் திரைக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். நடிகர் ஓர் அடி பாடி முடித்ததும் அதன் பின்பாதியை அவர்கள் திரும்பப் பாடுகிறார்கள். பிற்பாட்டு என்று பெயர். நடிகருக்கு மூச்சு வாங்க அவகாசம், சபைக்கு வரி தெளிவாகக் காதில் விழும். அந்த நாலு பேரில் முன்னால் நின்றவர் சூசைமுத்து. நான் பாடிய வரியை அவர் திருப்பிப் பாடினால் இரண்டு குரலையும் ஒப்பிட்டுப் பார்க்க ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? என் பாட்டுக்குப் பிற்பாட்டு வேண்டாம், நான் தனியாகப் பாடியே பழகியவள் என்றேன். சிவராசா தயங்கிச் சூசைமுத்துவைப் பார்த்தார். "அவ சொல்லுறபடி செய்வம்," என்றார் அவர். அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் அவரே ஒரு செம்பில் கொத்தமல்லி, இஞ்சி எல்லாம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் கொண்டுவந்தார். தொண்டைக்கு நல்லது என்று அவர் மனைவி திரேசா கொடுத்துவிட்டாராம். நன்றி சொல்லி வாங்கினேன். அவர் வேலியைத் தாண்டியதும் முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். மறுநாளும் கொண்டுவந்தார், மறுநாளும் முருங்கைதான் குடித்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் நயினாதீவு அம்மனைக் கும்பிடப் போனோம். சிவராசாவின் மனைவி, நான், துணைக்குச் சூசைமுத்து. புங்குடுதீவு வழியாகத் துறைக்குப் போய், அங்கிருந்து மோட்டார் வள்ளம். ராமேஸ்வரத்துக் கப்பலில் நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தவள். இந்த வள்ளத்தில் கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாதி பேர் அம்மனைப் பார்க்கப் போகிறவர்கள், பாதி பேர் அதே தீவில் இருக்கும் புத்த விகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்கள், வெள்ளை உடுத்தி, தாமரை மொட்டு ஏந்திக்கொண்டு. நடுக்கடலில் இயந்திரம் இருமிவிட்டு நின்றது.

எனக்கும் வண்டிவாகனத்துக்கும் என்ன ஜன்மப் பகையோ. வள்ளம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. ஒரு குழந்தை வாந்தி எடுத்தது, அதைப் பார்த்து நானும். சூசைமுத்து வள்ளக்காரனுக்கு உதவியாகக் கீழே குனிந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். சிவராசாவின் மனைவி என் கையைப் பிடித்து, அக்கா, நீங்கள் பாட்டுக்காரி, அம்மன் பேரில் ஒன்று பாடுங்கள் என்று கெஞ்சினார். அந்த நேரத்தில் சம்பிரதாயமாவது ஒன்றாவது? பயத்தில், எனக்கு வாகாக வந்த சுருதியில், கீழே, அடித்தொண்டையில் பாடினேன். காய்ச்சலுக்குப் பிறகு அந்தக் குரலை நான் வீட்டில் அடுப்படியில் மட்டும்தான் பாடுவேன்.

பாடி முடித்தபோது சூசைமுத்து கிரீஸ் கையோடு நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் சிங்களத்தில் அவரிடம் ஏதோ கேட்டார், அவரும் சிங்களத்தில் பதில் சொல்ல, அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். இந்த அம்மா உங்கள் கோயிலுக்காகப் பாடுகிறாளா, எங்கள் விகாரைக்காகவா என்று பெரியவர் கேட்டாராம். இப்போதைக்கு எஞ்சினுக்காகப் பாடுகிறாள், அது இரண்டு பக்கத்துக்கும் பொது என்றாராம் இவர். இயந்திரம் கிளம்பியது. பெரியவர் எனக்கு ஒரு தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, உரித்துக் கொடுத்தார். கோயில் வாசலில் நாங்கள் பிரியும்போது கையசைத்துவிட்டுப் போனார். அந்த வருஷம் ஆடி மாதத்தில் கலவரச் செய்திகளைக் கேட்டபோது எனக்கு முதலில் அந்தத் தோடம்பழம்தான் ஞாபகம் வந்தது.

திரும்பி வரும்போது சூசைமுத்து மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, காய்ச்சல் ஏதும் வந்ததே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. ஆனால் வள்ளத்தில் பாடிய குரலை வைத்தே என் ரகசியத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று புரிந்தது. இனி சிவராசாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேஷம் அவருக்கு, எனக்குத் திரும்பும் கப்பல். அன்று முழுக்க அவர் எப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சொல்லாததும் ஒரு சூழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். மேடையிலேயே நான் விழட்டும் என்று விட்டுவைக்கிறார், அதுதான் அவருக்கு முழு வெற்றி என்று கணக்குப் போட்டேன்.

நான்காம் நாள் நாடகம். அங்கே ஓர் அதிசயம், நாடகம் பின்னேரம் நான்கு மணிக்கு. எங்கள் பக்கத்தில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை போகும். இங்கேயும் முன்பு அப்படித்தானாம். இப்போது இருட்டியபின் சனம் கூடினால் ராணுவ ஜீப் வந்து நிற்கிறது, எதற்கு வில்லங்கம் என்று வெளிச்சத்திலேயே முடித்துவிடுகிறார்கள். இருபத்திரண்டு வருஷம் பெட்ரோமாக்ஸிலும் டியூப்லைட்டிலும் இளவரசியாக இருந்தவளைச் சித்திரை வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும்? கண்ணாடியைப் பார்த்தேன். இளவரசியின் அம்மா தெரிந்தாள். சூசைமுத்து தன் பழைய கிரீடத்தைக் கொண்டுவந்து, என் நெற்றிக்கு ஏற்றாற்போல் உள்ளே துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். பதினெட்டு வருஷம் அவர் தலையில் இருந்தது. வாங்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மணல் முற்றம் நிறையச் சனம். புளியங்கூடல், சுருவில் மட்டுமல்ல, ஊர்காவற்றுறையிலிருந்தும் வந்திருந்தார்கள். முதல் காட்சிகள் எல்லாம் வசனம், சின்னச் சின்னப் பாட்டு. சமாளித்தேன். துறைக் காட்சி வந்தது. சிவராசா துடுப்பை ஊன்றிக்கொண்டு முதல் அடி பாடினார். பிற்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடினார்கள். சபை தலையாட்டியது. என் முறை.

என் அடியின் கடைசிச் சொல் மேல் ஸட்ஜமத்தில் போய் நிற்க வேண்டும். நின்றது, ஒரு கணம். பிறகு பிளந்தது. ஓலை கிழிகிற சத்தம். முன்வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள், எனக்காக வெட்கப்பட்டு. பிற்பாட்டு இருந்தால் அந்த இடத்தை மூடியிருக்கும். நான்தானே வேண்டாம் என்றேன். நான்கு பேரும் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். சிவராசா இரண்டாம் அடியைக் கொஞ்சம் நீட்டிப் பாடினார், எனக்கு மூச்சு வரட்டும் என்று. மூச்சு வந்தது, குரல் வரவில்லை. இரண்டாவது தடவையும் பிளந்தது. என் பங்கில் இன்னும் நாலு அடி இருக்கிறது. ஊர் போய்ப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று அந்த மேடையிலேயே யோசித்தேன்.

மூன்றாவது அடியை எடுத்தபோது பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்குப் பிறகு அல்ல, என்னோடு கூடவே. அந்த நெடிய ஆளின் தொண்டையிலிருந்து, வெள்ளி மாதிரி, நேரே மேல் ஸட்ஜமத்துக்குப் போய் அசையாமல் நின்றது. முதலில் எனக்கு வந்தது கோபம். என்னை அமுக்கிவிட்டுப் பாடுகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். திரையின் இடுக்கில் அவர் கண் என் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொல் எடுத்தால் எடுத்தார், நான் நிறுத்தினால் நிறுத்தினார். என் வாயசைவுக்கு ஒரு மயிரிழை முந்தவில்லை, பிந்தவில்லை. அமுக்க வந்தவர் இப்படிப் பாட மாட்டார்.

அந்த அடி முழுக்க வெறும் வாயை அசைத்தேன். நான்காவது அடியில் அதுவும் பொறுக்கவில்லை. ஒருவர் எனக்காகப் பாட, நான் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நிற்பதா? மேலே போக வழியில்லை. கீழே இறங்கினேன். அதே அடியைக் கீழ் ஸ்தாயியில், வள்ளத்தில் பாடிய அந்த அடுப்படிக் குரலில் பாடினேன். மேலே ஆண் குரல், கீழே பெண் குரல். எந்த மேடையிலும் இப்படித் தலைகீழாக நான் பாடியதில்லை. சிவராசா ஒரு கணம் திகைத்து, பிறகு துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தார். சபையில் கைதட்டல் எழுந்தது. கடைசி அடிவரைக்கும் அது ஓயவில்லை.

நாடகம் முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் எல்லோருக்கும் கும்பிடு போட்டேன். இவர்கள் யாருக்கும் தெரியவில்லை, அந்தக் குரல் என்னுடையது என்றே நினைக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு நிம்மதி. அதற்குக் கீழே ஒரு முள். சூசைமுத்துவைத் தேடினேன். அவர் மேடைத் திரையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சிவராசாவின் முற்றத்தில் நாடகக்காரர்களுக்கெல்லாம் விருந்து. திருவிழா முடிந்ததால் இனி மச்சம், அதாவது மீன், நண்டு எல்லாம், சமைக்கலாம். திரேசா பெரிய பானையில் ஒடியல் கூழ் காய்ச்சினார். பனங்கிழங்கு மாவு, நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, மிளகாய், எல்லாம் ஒரே பானைக்குள். பலா இலையைக் கோலிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து குடிக்க வேண்டும். உறைப்பில் என் கண்ணில் நீர் ஓடியது. உறைப்பில்தானா என்று எனக்கே சந்தேகம். அப்படி ஒரு கூழை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

சிவராசா எழுந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பொன்னாடையோடு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் வந்ததை, கடிதத்தில் பொய் எழுதியதை, பிற்பாட்டை நிறுத்தச் சொன்னதன் காரணத்தை, நீங்கள் கைதட்டிய மேல் குரல் என்னுடையது அல்ல, சூசை அண்ணனுடையது என்பதை. முருங்கை மரத்தையும் சொன்னேன். சொல்லிவிட்டுப் பொன்னாடையை எடுத்துச் சூசைமுத்து பக்கம் நீட்டினேன்.

யாரும் அதிரவில்லை. ஒருவர் கூழை உறிஞ்சினார். சூசைமுத்து தன் பலா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அகப்பையோடு நின்ற திரேசாதான் பேசினார்.

"அக்கா, இவற்ற குரலைப் பதினெட்டு வருஷமாக் கேக்கிற சனம். திரைக்குப் பின்னால நிண்டால் மட்டும் தெரியாமல் போகுமே?"

முற்றத்தில் இருந்த ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முதல் சொல்லிலேயே தெரிந்திருக்கிறது. அந்த மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தெரிந்துகொண்டே என் முகம் வாடாமல் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் எனக்கு ஏன் கைதட்டினீர்கள், அந்தப் பெண் ஏன் என் கையைப் பிடித்து அழுதாள் என்று கேட்டேன்.

"இவர் மேல எடுக்கேக்க ஒருத்தரும் தட்டேல்லை," என்றார் திரேசா. "நீங்கள் கீழ இறங்கிப் பாடத் துவங்கினாப் பிறகுதான் தட்டினவை. நீங்கள் கவனிக்கேல்லையோ?"

கவனிக்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தேன். மூன்றாவது அடிக்குச் சபை மூச்சுக் காட்டவில்லை. நான்காவது அடிக்குத்தான் தட்டினார்கள். நான் யாருக்கும் தெரியக்கூடாது என்று இரண்டு வருஷமாக ஒளித்துவைத்திருந்த குரலுக்கு.

நான் உட்கார்ந்து அழுதேன். சிவராசாவின் மனைவி என் முதுகைத் தடவினார். பொன்னாடையைச் சூசைமுத்து வாங்கவில்லை, மடித்து என் மடியில் வைத்தார். அந்தத் துறைப் பாட்டை இன்னொரு தரம், நீங்கள் இரண்டு பேருமாக, என்று சிவராசா கேட்டார். என் வாழ்நாளில் ராஜபார்ட் ஒருவர் தன் பாட்டை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹார்மோனியக்காரர் காலையிலேயே யாழ்ப்பாணம் போய்விட்டார். சுருதி பிடிக்க ஒன்றுமில்லை. சூசைமுத்து கூழ்க் கையைக் கழுவி, இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்கள் துவங்குங்கோ, தங்கச்சி," என்றார். "உங்களுக்கு எது சுகமோ, அதில."

என் குரல் எங்கே இருந்ததோ அங்கேயே தொடங்கினேன். அவர் ஓர் அடி பொறுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் ஐந்து கட்டையை விட்டு இறங்கி வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் என் சுருதிக்கு வந்து என்னோடு பாடினார்.